எடைமேடை பாக்கியநாதனின் நுரையீரல் சாதனை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் பாக்கியநாதன் பத்தொன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. இத்தனை வருடத்தில் அவருக்கு நிரந்தரமானது வீசிங் ஒன்றுதான். அது ஐப்பசி முதல் மழைக்கு வரும், தீபாவளிப் புகையில் கொழுக்கும், வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டும்வரை தங்கிவிட்டுப் போகும். சொந்தக்காரர்கள்கூட இவ்வளவு தவறாமல் வந்ததில்லை.

பொன்னேரி டாக்டரம்மா வாயில் வைத்து மருந்து இழுக்கும் பம்ப் இரண்டு கொடுத்திருந்தார். ஆரஞ்சு நிறத்தைத் தினமும் காலை மாலை இழுத்து வாய் கொப்பளிக்க வேண்டும். நீலம் மூச்சு முட்டினால் மட்டும். பாக்கியநாதன் இந்த யோசனையைத் தன் அறிவுக்கேற்பத் திருத்தினார். இழுப்பு இல்லாத நாளில் மருந்து எதற்கென்று ஆரஞ்சைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நீலத்தைச் சோற்றுப் பையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் ஒளித்து ஆலைக்குக் கொண்டுபோனார்.

ஒளிக்கக் காரணம் இருந்தது. வீசிங் என்று வாய்விட்டவனை மறுநாள் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள் என்பது ஆலையில் எல்லோரும் அறிந்த சட்டம். அப்படி நிறுத்தப்பட்ட ஒருவனையாவது நேரில் பார்த்தவர் யாருமில்லை என்பது வேறு விஷயம்.

அவர் காப்பாற்ற வேண்டியிருந்தது ஒரு நாற்காலியை. பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகளை நிறுத்தி எடைச்சீட்டு கொடுக்கும் வேலை அவருக்கு. கண்ணாடி அறை, இறுகச் சாத்திய கதவு, ஏசி. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் கவலைப்பட்டதில், பக்கத்தில் இருந்த பாக்கியநாதனின் நுரையீரலும் இலவசமாகப் பிழைத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி பார்த்துத்தான் வருடாந்திர மருத்துவ வேனும் வரும். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளப்பார்கள். அன்று காலை மனைவி பிரின்சி சோற்றுப் பையை நீட்டியபடி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, தூக்கத்துல பூனக்குட்டி மாதிரி கத்திகினு இருந்த. அந்த வேன் டாக்டராண்ட உள்ளத சொல்லேன்."

"சொல்லிட்டு? ஊட்ல குந்திகினு உன் மூஞ்சியவே பாக்கறதா?"

"பாரேன். அதுக்கு இன்னா கொறச்சல்?"

இந்தக் கட்டத்தில் அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார், சைக்கிளை எடுத்தார்.

ஊதுவதற்குக் கால் மணி முன்பு கழிவறைக்குப் போய் நீலத்தை நாலு இழுப்பு இழுப்பது அவர் ஆறு வருடமாகக் கடைப்பிடித்த ரகசிய உத்தி. இந்த முறை கழிவறை வாசலில் வரிசை நின்றது. உள்ளேயிருந்து, இரும்பு உருக்கும் ஃபர்னஸில் வேலை பார்க்கும் இம்மானுவேல் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தான்.

"வயிறு சரியில்லண்ணே."

வரிசையிலிருந்த மற்ற நாலு பேருக்கும் வயிறுதானாம். பாக்கியநாதன் கேன்டீன் சாம்பாரை மனதுக்குள் சபித்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்தார்.

பிறகு ஊதினார் பாருங்கள், வேனே ஒருமுறை ஆடியதாகச் சொல்கிறார்கள். ஆலையிலேயே சிறந்த நுரையீரல் அவருடையது என்று அறிக்கை வந்தது. காலைக் கூட்டத்தில் கைதட்டி எவர்சில்வர் டப்பா ஒன்று பரிசளித்தார்கள். கூடவே பாதுகாப்பு அதிகாரி வசந்தகுமார் இன்னொரு பரிசும் அறிவித்தார்.

"பை ரூமுக்கு ஆள் கெடைக்காம பேஜாரா இருந்துச்சு. இந்த லங்ஸ வெச்சிகினு கண்ணாடி ரூம்ல குந்தறது வேஸ்ட்டுண்ணே. திங்கக்கெழமயிலேர்ந்து அங்க போயிடுங்க."

பை அறை என்பது ஃபர்னஸ் புகையை வடிகட்டும் நீளப் பைகளைத் தட்டி உதறும் இடம். ஆலை கக்கும் கரி முழுவதும் அங்கேதான் இளைப்பாறும்.

கூட்டம் கலைந்ததும் பாக்கியநாதன் அதிகாரியின் பின்னாலேயே ஓடினார்.

"சார், எனக்கு வீசிங்கு சார்."

"நல்ல ஆளுண்ணே நீங்க. வேல மாத்தனா ஒடனே வீசிங்கா?"

"ஆறு வருசமா கீது சார்."

"அப்ப மெஷின் இன்னா பொய் சொல்லுதா? சரி, எங்க, இழுத்துக் காட்டுங்க பாப்போம்."

பாக்கியநாதன் மூச்சை இழுத்தார், விட்டார், குனிந்து இழுத்தார், படியேறி இறங்கி இழுத்தார். மழை கழுவிவிட்ட காற்று வெண்ணெய் போல உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு சின்ன விசில்கூட இல்லை. அழைக்காத நாளெல்லாம் வந்து உட்கார்ந்த வீசிங், சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது தலைமறைவாகிவிட்டது.

திங்கட்கிழமை வந்தது. பை அறைக்குள் சொந்தப் பொருள் எதுவும் கூடாது என்பதால் சோற்றுப் பை லாக்கருக்குள் போனது. நீல பம்பும் அதோடு போனது. முகமூடி மாட்டி முதல் பையைத் தட்டினார். பத்தாவது நிமிடம் தள்ளாடி வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். தோள் மேலேறி இறங்கியது. உதடு கறுத்தது. பேச வாய் திறந்தால் விசில்தான் வந்தது. வெட்கமில்லாமல், இப்போது.

வசந்தகுமார் ஓடிவந்தார். "யாராண்டயாவது பம்ப்பு கீதாப்பா?"

சுற்றிக் கூடிய தொழிலாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாக்கியநாதனின் கண் செருகத் தொடங்கியதும் இம்மானுவேல் குனிந்து சாக்ஸுக்குள்ளிருந்து ஒரு நீல பம்பை எடுத்து நீட்டினான். அடுத்து ஒருவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. அடுத்தவன் புகையிலைப் பையிலிருந்து. ஐந்து பேர், ஐந்து நீலம்.

இரண்டு இழுப்பு, சிறிது இடைவெளி, மறுபடி இரண்டு. மூச்சு மெல்லத் திரும்பியது. பாக்கியநாதன் இம்மானுவேலை நிமிர்ந்து பார்த்து முதல் வார்த்தை பேசினார்.

"வயிறு... இப்ப எப்டிகீது?"

வசந்தகுமார் இரண்டு நிமிடம் யோசித்தார். ஆலை நிர்வாகத்தில் இது அரிய நிகழ்ச்சி. ஆறு பேரையும் வெளியே அனுப்பினால் ஃபர்னஸை அவரேதான் ஊத வேண்டும். எனவே கம்ப்யூட்டரின் நலன் கருதி பாக்கியநாதன் எடைமேடைக்குத் திரும்பினார். பை உதற எந்திரம் கேட்டு ஏழு வருடம் முன்பு எழுதிய கடிதம் கண்டெடுக்கப்பட்டது. தலைமை அலுவலகத்துக்கு, தொழிலாளர் நுரையீரல் அனைத்தும் சிறப்பு என்ற அறிக்கை எழுத்து மாறாமல் போனது.

மறுநாள் எடைமேடை மேசையில், எல்லோரும் பார்க்கும்படி, ஆரஞ்சு பம்ப் உட்கார்ந்திருந்தது. இம்மானுவேல் கண்ணாடிக் கதவைத் தட்டினான்.

"அண்ணே, இது எத்தினி வாட்டி இழுக்கணும்?"

"காலைல, சாயந்தரம். இழுப்பு இல்லன்னாலும் இழுக்கணும். வாய கொப்பளிக்காம உட்றாத. இது கூடவா தெரியாம இத்தினி வருசம் இருந்தே?" என்றார் பாக்கியநாதன், கடும் அதிருப்தியுடன்.