மகளின் சிக்கும் மார்கரெட்டின் பிரஷ்ஷும்

இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. கையில் எடுக்கும் எதையும் முதலில் திருப்பிப் பார்க்கிறேன். பிஸ்கட் பக்கெற்றைத் திருப்பி, எந்தக் கொழுப்பில் செய்தது என்று எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். சவர்க்காரத்தை மோந்து பார்க்கிறேன். பாண் விற்கிற பெண்ணிடம், தட்டில் என்ன பூசிச் சுட்டீர்கள் என்று கேட்பேன். அவள் மாஜரின் என்று சொன்னால், சொல்லும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். கடைக்காரர்கள் என்னைக் கள்ளியைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், நானும் அவர்களை அப்படித்தான் பார்க்கிறேன். என் கணவர் சலீம் இதை 'வஸ்வாஸ்' என்பார். தீராத சந்தேகத்துக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் சொல் அது. "உனக்கு வஸ்வாஸ் முத்திப் போச்சு புள்ள. இனி பைப் தண்ணியையும் திருப்பித்தான் பாப்பாய்" என்று ஒருநாள் சிரித்தார். பைப் தண்ணீரைத் திருப்ப முடியாது என்பதுதான் என் கவலை.

நாங்கள் இருப்பது வெள்ளைக்காரரின் கடற்படை ஊரான போர்ட்ஸ்மவுத். திருகோணமலைத் துறைமுகத்தில் சலீம் பழகிய, இயந்திரம் பூட்டுகிற பிற்றர் வேலை இங்கே சோறு போடுகிறது. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். எந்த ஊர் என்று பஸ்ஸில் யாராவது கேட்டு, நான் பெயரைச் சொன்னால், பழைய கடற்படைக் கிழவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். "ட்ரிங்கோ! எனக்குத் தெரியுமே!" அவர்களுக்குத் தெரிந்த ட்ரிங்கோவில் வெயில் இருக்கிறது, பியர் இருக்கிறது, குரங்குகள் இருக்கின்றன. நாங்கள் இல்லை. நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு, இந்த மனிசன் எங்கள் ஊரில் என்னென்ன செய்துவிட்டு வந்திருப்பானோ என்று நினைத்துக்கொண்டே இறங்குவேன்.

என் மகள் ரிஸ்வானாவுக்கு ஆறு வயது. இடுப்பைத் தொடும் தலைமுடி, அடர்த்தி, அதிலும் சுருள். இங்கே தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குளிருக்குக் கம்பளித் தொப்பி போடவேண்டும். எண்ணெய் வைத்தால் மணக்கிறது என்று வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களாம், அதனால் எண்ணெயும் நின்றுபோயிற்று. விடிந்தால் அவளுடைய பிடரியில் ஒரு குருவிக்கூடு கட்டியிருக்கும். பிளாஸ்டிக் சீப்புப் போட்டால் பல் உடைகிறது. நைலோன் பிரஷ் ஒன்று வாங்கினேன், அதன் நுனிக் குமிழ்கள் உதிர்ந்து பிள்ளையின் மண்டையைக் கீறிவிட்டது. ஒவ்வொரு காலையும் அழுகைதான். வெட்டிவிட்டால் என்ன என்று ரீச்சர் சிரித்த முகத்தோடு கேட்டா. நான் மாட்டேன் என்றேன். இந்த நாட்டுக்கு எவ்வளவோ கொடுத்தாயிற்று. என் பிள்ளையின் தலைமுடியையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

சீப்பு வாங்குவது என்பது என் உம்மாவுக்குப் பெரிய வழக்கு விசாரணை. திருகோணமலைச் சந்தையில் சீப்பு விற்கிறவன் எங்களைத் தூரத்தில் கண்டாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கொம்புச் சீப்பு மண்டைக்கு இதமானது, சிக்கை இழுக்காமல் எடுக்கும். ஆனால் உம்மாவின் கேள்வி வேறு. "இது அறுத்த மாட்டுக் கொம்பா, செத்த மாட்டுக் கொம்பா?" முறைப்படி அறுபடாமல் தானாகச் செத்த மாட்டின் கொம்பு எங்களுக்கு ஆகாது. அவன் பாவம், மூதூர் லோஞ்சுப் படகில் வந்து இறங்கிய மூட்டையை அவிழ்த்து வைத்திருக்கிறவன், அந்த மாடு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அவனுக்கு எங்கே தெரியும். "உம்மா, மாடு எனக்கு ஒண்டும் செல்லல்ல" என்று ஒருமுறை சொல்லிவிட்டான். கடைசியில் உம்மா மரச் சீப்பைத்தான் எடுப்பா. எடுத்ததை மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பா. கோடு விழுந்தால் திரும்பக் கொடுத்துவிடுவா.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போன காலத்தில் நான் சின்னப் பிள்ளை. துறைமுகப் பண்டகசாலையில் வேலை செய்த என் வாப்பா, ஒரு ஒபிசரின் பங்களாவைக் காலி செய்தபோது அவர்கள் விட்டுப்போன பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தார். பளபளத்த மரப்பிடி, கறுத்த மயிர், தொட்டால் பூனையைத் தடவுவது போல இருந்தது. வாப்பா அதைக் கிணற்றடியில் கழுவி, ஈரக் கையோடு உம்மாவிடம் நீட்டினார். "என்ன மயிர் இது?" என்றா உம்மா. "குதிரை மயிராக்கும்" என்றார் வாப்பா. அந்த 'ஆக்கும்' போதாதா? உம்மா அதைக் கையால் தொடவில்லை. குறட்டால் பிடித்துத் தூக்கி வெளியே போட்டா. பிறகு வாப்பாவைக் கிணற்றடியில் இருத்திக் கழுவ வைத்தா. பன்றியோ நாயோ ஈரத்தோடு பட்டால் எங்களுக்கு ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். வேலை முடிந்து வந்த துறைமுகத்து ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து வளவு இராசம்மா அக்கா மட்டும் சிரிக்காமல் இன்னொரு வாளித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தா. அவ கோயிலுக்குப் போகிறவ, எங்கள் சட்டம் அவவுக்குச் சட்டமில்லை. என்றாலும் எங்களுக்கு எது ஆகாது என்று அவவுக்குத் தெரியும், அவவுக்கு எது ஆகாது என்று எங்களுக்கும் தெரியும். அங்கே சந்தேகப்படுவதற்கும் ஒரு துணை இருந்தது.

இங்கே எனக்குத் துணை மார்கரெட். நாங்கள் மேல்மாடி, அவ கீழ்வீடு. குளியலறை இரண்டு வீட்டுக்கும் பொது. புருசனை இழந்து தனியாக இருக்கிற மனிசி. நான் வேலை முடிந்து வரும்வரை ரிஸ்வானாவைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவந்து வைத்திருப்பது அவதான். அவ இல்லையென்றால் என் வேலை இல்லை. ஒரு மாரிகாலப் பின்னேரம் நான் வந்தபோது ரிஸ்வானாவின் தலை வழவழவென்று இருந்தது. சிக்கு ஒன்றுகூட இல்லை. கன்னத்தில் கண்ணீர்க் கோடும் இல்லை. எனக்குச் சந்தோசம் வரவில்லை, உள்ளே ஏதோ கொதித்தது. என் பிள்ளையை நான் அழவைக்கிறேன், இவ அழவைக்காமல் வாரி முடிக்கிறா. அதெப்படி? "ஆன்ரி தண்ணி பூசி, அவட பிரஷால வாருவா உம்மா. கன நாளா வாருறா. நோகவே நோகாது" என்றாள் மகள். கன நாளாக! பின்னேரங்களில் தலை சிக்கில்லாமல்தான் இருந்தது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிரஷ்ஷைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மார்கரெட் அலுமாரியில் இருந்து அதை இரண்டு கையாலும் எடுத்துவந்தா. மரப்பிடி, கறுத்த மயிர். என்ன மயிர் என்று கேட்டேன். "அழகான மயிர், உன் மகளுக்கு" என்றா, நான் பிள்ளையின் தலையைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து. இல்லை, இது எந்த மிருகம் என்று பிரஷ்ஷைத் தொடாமல் விரலால் காட்டினேன். நான் அக்கறையாகக் கேட்கிறேன் என்று அவவுக்கு ஒரே பெருமை. "காட்டுப்பன்றி. அசல். இப்போது இப்படிக் கிடைக்காது. என் அம்மா தலை வாரியது." நான் நன்றி சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அவ்வளவு நாளும் ஈரத் தலை. கழுவத்தான் வேண்டும். தண்ணீர் இருக்கிறது, மண்ணுக்கு எங்கே போவது? பின்வளவில் மண் இருந்தது, ஆனால் அந்தத் தெருவில் நாய் இல்லாத வீடு இல்லை, எந்த மண்ணை நம்புவது? கடைசியில் நாய் எட்டாத உயரத்தில் மார்கரெட் தொங்கவிட்டிருந்த பூக்கூடை கண்ணில் பட்டது. என்ன உரம் போட்டிருப்பாவோ என்று அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஒரு கோப்பை மண் எடுத்தேன். குளியலறையில் பிள்ளையை இருத்தி முதல் தரமே மண்ணைக் கரைத்துத் தலையில் ஊற்றினேன். அவள் வீடே அதிரக் கத்தினாள். சத்தம் கேட்டு மார்கரெட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தா. சேறு வழிகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தா. என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தா.

"இந்தப் பிள்ளையை நீ என்ன செய்கிறாய்?"

"கிளீன். ஐ கிளீன்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் வந்தது.

"மண்ணாலா?"

அவ துவாயை எடுத்துப் பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டா. நான் பின்னால் போய்ப் பிள்ளையை வாங்கி வந்து, கதவைப் பூட்டி, மீதிக் கழுவல்களையும் கழுவி முடித்தேன். பாதியில் விட்டால் கழுவியதாகாது. கதவுக்கு வெளியே அவ நின்றுகொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது.

சலீம் வேலையால் வந்ததும் மார்கரெட் அவரை வாசலிலேயே மறித்து, இன்னொரு முறை இப்படிக் கண்டால் பள்ளிக்கூடத்துக்கு அறிவிப்பேன் என்று சொல்லியிருக்கிறா. சலீமுக்கு முகம் வெளிறிவிட்டது. "பிள்ளையக் கொண்டு போயிடுவாங்க புள்ள. இந்த ஊர்ல அப்பிடிச் சட்டமிருக்கு. பேனுக்கு மருந்து போட்டனான் எண்டு செல்லிவிடு, முடிஞ்சிரும்."

"என்ட புள்ளைக்குப் பேன் எண்டு என்ட வாயால செல்லுறதா? ஏலாது மச்சான்."

"அப்ப என்னத்தச் செல்லப் போறாய்?"

"உள்ளதச் செல்லுறன்."

சொல்லிவிட்டேனே தவிர, கீழே இறங்கும்போது என்ன சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் நின்று வாய்க்குள் அடுக்கிப் பார்த்தேன். மகள் என்னிடம் இருப்பாளா இல்லையா என்பது நான் தெரிந்துவைத்திருக்கும் நாலு ஆங்கிலச் சொல்லில் தொங்கியது. மார்கரெட் குசினி அடுப்படியில் இருந்தா. கதிரை தரவில்லை. நின்றபடியே, தெரிந்த சொல்லோடு கையாலும் காட்டிச் சொன்னேன்: பன்றி எங்களுக்கு ஆகாது, தின்ன மட்டுமில்லை, தொடவும் ஆகாது, ஈரத்தில் தொட்டால் மண்ணால் கழுவவேண்டும். அவவுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. அதனால் கேட்டேன். "உங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எலி விழுந்தால் என்ன செய்வீர்கள்?"

"கோப்பையைத் தூக்கி எறிந்துவிடுவேன்."

"நாங்கள் பிள்ளையைத் தூக்கி எறிய ஏலாதே."

அவ மெல்லக் கேட்டா. "அப்படியென்றால் என் அம்மாவின் பிரஷ்தான் எலியா?"

அவ பிரஷ்ஷை ஒரு துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்து மூடினா. அந்தக் கிழமை முழுவதும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவந்தா, பாலும் கொடுத்தா, ஆனால் தலையைத் தொடவில்லை. என்னோடும் கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதாவது சொல்லிவிட்டாவோ என்று நான் ரீச்சரின் முகத்தை ஒவ்வொரு நாளும் படித்தேன். தபால்காரன் கதவைத் தட்டினால் எனக்கு உயிர் போய் வந்தது. பிள்ளையின் தலையில் சிக்கு மறுபடி கூடுகட்டியது. நான் சீப்போடு கிட்டப் போனால் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மார்கரெட் தொப்பியும் கைப்பையுமாக மாடி ஏறி வந்து, "வா, கடைக்குப் போவோம்" என்றா. எனக்கு அதிலும் சந்தேகம்தான். என்றாலும் போனேன். பெரிய கடை, கண்ணாடி அலுமாரி நிறையப் பிரஷ்கள். மார்கரெட் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, விற்கிற பெண்ணிடம் "இது எந்த மிருகம்?" என்று கேட்டா. "நிச்சயமாகத் தெரியுமா? யாரைக் கேட்டுச் சொல்கிறாய்?" அந்தப் பெண் திணறிப்போனாள். மார்கரெட் என்னைக் கேலி செய்கிறாவா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். முகத்தில் சிரிப்பில்லை. ஒரு கொம்புச் சீப்பு வந்தது, தேன் நிறம், பல் எல்லாம் உருண்டு மழமழவென்று. மார்கரெட் என்னைப் பார்த்தா. மாடு எப்படிச் செத்தது என்று கேட்கச் சொன்னேன். அவ கேட்டா! அந்த இடத்தில் எனக்கு அந்த மனிசியில் ஒரு பாசம் வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. கடைசியில் அகலப் பல் வைத்த மரச் சீப்பு ஒன்று கிடைத்தது. மணிக்கட்டில் இழுத்துப் பார்த்தேன். கோடு விழவில்லை. மார்கரெட்டும் தன் மணிக்கட்டை நீட்டினா.

வீட்டுக்கு வந்து நான் கட்டிலில் உட்கார்ந்தேன். மார்கரெட் எதிரே கதிரையில் இருந்தா. "மகள், இஞ்ச வாங்க. இது நோகாது" என்று கூப்பிட்டேன். ரிஸ்வானா வாசலிலேயே நின்றாள். சீப்பை அவள் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். காட்டினேன், மண் இல்லை. பிறகு மார்கரெட்டிடம் திரும்பி, சரிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவ தலையாட்டிய பிறகுதான் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். முதுகும் தலையும் என் பக்கம். கை இரண்டும் மார்கரெட்டின் முழங்காலில், விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கம். முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியில் இருந்து தொடங்கினேன். நேரமெடுத்தது. கடைசிச் சிக்கும் அவிழ்ந்து, சீப்பு உச்சியில் இருந்து இடுப்புவரை தடையில்லாமல் இறங்கியது. "முடிஞ்சுது மகள்" என்றேன். அவள் மார்கரெட்டின் முழங்காலை விடவில்லை.