போணி நேரத்து இடது கை

பாளையங்கோட்டையில் பேனா, நோட்டு விற்கிறவன் நான். காலையில் கடை திறக்குமுன் ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தை இங்கே எழுதாவிட்டால் எனக்குப் பொழுது விடியாது. அது உங்களுக்கே தெரியும்.

இன்று 'சினிஸ்டர்'. லத்தீனில் அதற்கு வெறும் 'இடது' என்றுதான் பொருள். பிறகுதான் கெட்டது, தீயது என்று ஆகிவிட்டது. "பாவம் ஒரு கை, அதன்மேல் இத்தனை காலமாகப் பழி போடுகிறார்களே!" என்று காலைப் பதிவில் பொங்கியிருந்தேன்.

கடை திறந்ததும் ஒரு பெண் வந்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போலச் சிரித்தாள். பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு ரூபாயை நீட்டினாள். இடது கையால்.

"ஏம்மா, போணி நேரத்துல நொட்டாங்கையால நீட்டுதியே! சோத்தாங்கையால குடு" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "தெரியாம நீட்டிட்டேன் அண்ணாச்சி" என்று கை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் ரூபாயைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன்.

அப்புறம்தான் போனைப் பார்த்தேன். பதிவின் கீழே முதல் கமெண்ட். படத்தில் அதே முகம்.

"நானும் இடதுகைக்காரிதான் அண்ணாச்சி. படிச்சதும் அழுகை வந்துட்டு. கடைக்கு வந்து நேர்லயே சொல்லுதேன்."

பதிலுக்குக் கும்பிடுகிற படம் ஒன்றைப் போட்டேன். அதில் இடது கையும் சேர்ந்துதான் கும்பிடுகிறது என்பது போட்ட பிறகே உறைத்தது.

திட்டுகிறவர்கள் கீழே திட்டலாம். எந்தக் கையால் டைப் அடித்தாலும் சரி.