நம்பரக்காவும் பச்சைப் படகும்

அந்தத் தீவுத் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயரும் பதிவெண்ணும் எழுதுபவள் என்பதால், எல்லோருக்கும் அவள் நம்பரக்கா. வீட்டுக்காரர் இன்ஜின் மெக்கானிக். "நான் ஓட வைக்கிறேன், இவ பேர் வைக்கிறா" என்று பெருமையடித்துக்கொள்வார்.

ஒரு நாள் துறைமுக அலுவலகச் சுவரில் பழைய நீர்வண்ண ஓவியம் ஒன்றை மாட்டினார்கள். இதே துறைமுகம்தான். சாம்பல் வானம், ஏழெட்டு மீன்பிடிப் படகுகள். ஓரத்தில் நின்ற பச்சைப் படகில் 417 என்றிருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கின் வாலை இடப்பக்கம் சுழிப்பது அவள் ஒருத்திதான். ஓவியன் போட்டிருந்த வருஷத்தைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

"உன்ன மாதிரி இன்னொருத்தர் எழுதக் கூடாதா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

படகில் முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்ததையும், அவள் கொண்டையில் தூரிகை செருகியிருந்ததையும் நம்பரக்கா சொல்லவில்லை. வேலைநேரத்தில் அப்படித் தூரிகையைச் செருகிக்கொள்வது நம்பரக்காவின் பழக்கம்.

இரண்டு மாதம் கழித்து ஓர் இளைஞன் புதுப் படகோடு வந்தான். பச்சைப் படகு. நம்பர் 417.

"வேற நம்பர் கெடைக்கலியா தம்பி?"

"ஆபீஸ்ல குடுத்தது இதானேக்கா."

இந்தத் தடவை சுழிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கை கேட்கவில்லை. சுழித்துவிட்டது.

"ஏறுங்கக்கா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வீட்டுக்காரரின் பட்டறைக்குப் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணி நேரத்தில் அந்த இளைஞன் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"என்னக்கா, தலை சுத்துதுன்னுட்டு அப்புறம் ஏறி உக்காந்தீங்க, எப்ப இறங்குனீங்க? வழி பூரா கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல. எம்மேல கோவமா?"

வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இவ இங்கதாம்ப்பா இருந்தா."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் படகு நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் படகுக்கு ஒரு குறையும் வரவில்லை. வலை நிறைய மீன்தான். அவளும் தொழிலை விடவில்லை. அலுவலகத்துக்குள் மட்டும் காலெடுத்து வைப்பதில்லை. படிவங்களை வீட்டுக்காரரே போய் வாங்கி வருவார், கேலி பேசாமல். பச்சைப் படகு கரை திரும்பும்போது அந்த இளைஞன் கையசைப்பான். படகில் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அவள் பதிலுக்குக் கையைத் தூக்குவாள். சில நாள் தூக்குவதில்லை.