மூடுதுணிக்குள் ஒரு பெயர்

வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில், குழந்தை பிறந்த வீடு எதுவானாலும் தொட்டிலுக்கு மேலே ஸ்மாரோ செய்த பெயர்ப்பலகை தொங்கும். மரப்பலகைக்குப் பெயின்ட் அடித்து, ஃபெல்ட் துணியில் எழுத்து வெட்டி ஒட்டி, சுற்றிலும் உல்லன் நூலில் மீனோ, படகோ, எலுமிச்சையோ அந்த வீட்டுக்குத் தகுந்தபடி பின்னி வைப்பாள். ஓரத்தில் திருஷ்டிக்கு ஒரு நீலமணி. அதைத் தைக்கும்போது தூ தூ என்று துப்பாவிட்டால் அவளுக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்காது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் கறார். ஞானஸ்நானம் ஆகும்வரை குழந்தைக்குப் பெயர் கிடையாது, வெறும் ‘பாப்பா’தான். தேவாலயத்தில் ஞானத்தாயின் வாயிலிருந்து பெயர் வந்த பிறகுதான் பலகையை மூடிய துணியை எடுப்பாள். அதற்கு முன்னால் எட்டிப் பார்க்க வருகிறவர்களை, யாராக இருந்தாலும், விரட்டிவிடுவாள்.

அவள் வீட்டுச் சுவரில் மட்டும் எந்தப் பெயரும் இல்லை. காரணம் உண்டு. அவள் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்த காலத்தில் பெற்றவள் உள்ளே போகக் கூடாது. வாசலில் சில்லறையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்; பிள்ளைகள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடிவந்து காசு வாங்கிக்கொள்வார்கள். இஸ்மீனி என்று வைப்பதாக அவளும் கணவன் பந்தெலிஸும் பேசி முடித்திருந்தார்கள். ஓடிவந்த பிள்ளைகளோ “ஸ்டமாத்தியா! ஸ்டமாத்தியா!” என்று கத்தின. மாமியாரின் பெயர். உள்ளே நின்ற பந்தெலிஸ் வாயே திறக்கவில்லை. “அம்மா மனசு நோகுமேன்னு பாத்தேன்” என்றான் பிறகு. பெற்றவளுக்கு இருப்பது என்ன, மனசா மரக்கட்டையா? இன்றைக்கும் அந்த மனுஷன் சாப்பிடத்தான் வாயைத் திறக்கிறான்.

இந்த வசந்தத்தில் படகுக்காரர் வீட்டுக் கலியோபி வந்தாள். பேத்திக்குப் பலகை வேண்டுமாம்.

“பேரு?”

“இதென்னடி கேள்வி? என் பேருதான். மகன் பெத்த மூத்த பொண்ணுக்கு வேற என்ன பேரு வப்பாங்க? எழுத்தைப் பெருசா போடு. தங்க ஜிகினா தாராளமா தூவு.”

ஸ்மாரோவும் சரி என்று வெட்ட ஆரம்பித்துவிட்டாள். ஊர் வழக்கம் அதுதானே. மறுவாரமே கலியோபியின் மருமகள் தனாயி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா, மிர்சினின்னு ஒரு பலகை செஞ்சு தருவீங்களா? எங்கம்மா பேரு. பாப்பா வயித்துல இருக்கும்போதுதான் அவங்க போனாங்க. அவருக்குச் சம்மதம். ஞானத்தாயா நிக்கப்போற வாசோவும் அந்தப் பேரையே சொல்றேன்னுட்டா. அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்.”

“உம் புருஷன் கோயில்ல வாயத் தொறப்பானா?”

தனாயி குழந்தையின் முதுகைத் தட்டினாள்.  இருந்தாலும் ஸ்மாரோ பலகையைச் செய்தாள். வெளிர்பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து, சுற்றிலும் நூலில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். அவள் கையால் செய்ததிலேயே அழகானது அதுதான்.

வாசோ கலியோபியின் அண்ணன் மகள். அவள் வயிற்றில் ரகசியம் தங்குமா? ஞானஸ்நானத்தன்று காலையில் கலியோபி பட்டுச் சட்டையும் பவுடருமாக வந்து நின்றாள்.

“என் பலகையைக் கொண்டுவந்துடு. வாசோகிட்டப் பேசிட்டேன். என் பேரைத்தான் சொல்லுவா. இல்லாட்டி அவ அப்பன் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாதுன்னு சொல்லியிருக்கேன்.”

“தனாயிக்குத் தெரியுமா?”

“கோயில்ல தெரிஞ்சுக்கட்டும். அங்க கூச்சல் போடுவாளா? நேத்து வந்தவளுக்கு அவ்வளவு தைரியம் இருக்கா? நீ ஏண்டி மொறைக்கிற? ஒட்டுற வேலையைப் பாரு.”

ஒட்டுற வேலை! அந்தச் சொல் ஸ்மாரோவுக்குச் சுருக்கென்று தைத்தது.  கலியோபி தெருமுனை திரும்பியதும், ஜிகினா பலகையை மேசையிலேயே விட்டுவிட்டு மிர்சினி பலகையை எடுத்துத் துணியால் மூடினாள்.

தேவாலயத்தில் ஞானஸ்நானத் தொட்டிக்கு அந்தப் பக்கம், வாசோவுக்கு நேரெதிரே போய் நின்றாள். கலியோபி பலகையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். தனாயியின் கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவனும் பந்தெலிஸ் ஜாதிதான் என்று ஸ்மாரோ பல்லைக் கடித்தாள்.

“குழந்தையின் பெயர்?” என்றார் பாதிரியார்.

வாசோ குழந்தையை ஏந்திக்கொண்டு அத்தையைப் பார்த்தாள், தனாயியைப் பார்த்தாள்.  சத்தம் வரவில்லை.

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்யாததை ஸ்மாரோ செய்தாள். பெயர் சொல்வதற்கு முன்பே துணியை உருவினாள்.

வாசோ வாத்தியார் முன்னால் நிற்கும் பிள்ளைபோலப் பலகையில் இருந்ததை அப்படியே வாசித்தாள்: “மிர்சினி!”

“மிர்சினி” என்று பாதிரியார் குழந்தையை வாங்கித் தண்ணீரில் முக்கினார். குழந்தை வீரிட்டது. தனாயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்ததும் கலியோபி பிடித்துக்கொண்டாள். “எங்க குடும்பத்து விஷயத்துல தலையிட நீ யாருடி?”

“ஒட்டுறவ” என்றாள் ஸ்மாரோ. “உங்க பலகை வீட்டுல பத்திரமா இருக்கு. நீங்க உயிரோட, நல்லாத்தான இருக்கீங்க? உங்க கட்டிலுக்கு மேலயே மாட்டிக்குங்க.”

வந்தவர்களுக்கெல்லாம் கிண்ணத்தில் நீட்டிய சர்க்கரை பாதாமைக்கூடத் தொடாமல் நேரே வீட்டுக்குப் போனாள். கோபம் ஆறவில்லை. பெயின்ட் டப்பாக்களைத் திறந்தாள். மாலை மங்கும்போது நீலப் பலகையில் ஆரஞ்சு நிற எழுத்துகள் ஒட்டி முடிந்திருந்தன. நீலமணியையும் தைத்து, தூ தூ என்று துப்பினாள்.

பந்தெலிஸ் சாப்பாடு ஆயிற்றா என்று பார்க்க அடுக்களைக்கு வந்தான். பலகையைக் கையில் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“இஸ்மீனியா? யாரு வீட்டுப் பாப்பா இது?”

ஸ்மாரோ அவனையே பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“அந்தச் சுவத்துல ஆணி அடிங்க. ஞாபகம் வர்ற வரைக்கும் அடிங்க. அதுக்கப்புறம் சோறு போடறேன்.”