வெள்ளைப் பின்னணி

அக்டோபர், இரண்டாவது சனிக்கிழமை. காலையில் விருத்தாசலத்திலிருந்து மகளும் நானும் காரில் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டோம். மகள் ஓட்டினாள். தார்ச்சாலை முடியுமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மேலேயுள்ள ஏரிக்கு நடந்தோம். நண்பகலில் கரையை அடைந்து, ஒரு பாறையில் உட்கார்ந்து, கட்டிவந்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டோம். பிறகு பனிமூட்டம் இறங்கியது. அப்போது நாங்கள் சேர்ந்து இருக்கவில்லை.

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "வூட்டுலயே உக்காந்துட்டு இருந்தா எப்டிப்பா? கேமராவ எடுத்துக்கிட்டு கெளம்புங்க" என்று மகள்தான் என்னைக் கிளப்பினாள். நடந்த வழியெல்லாம் அவள் கைபேசியில் மலையையும் வானத்தையும் படமெடுத்தாள். எனக்குப் பூக்கள் போதும். நான் பீங்கான் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சுற்றியுள்ள பச்சை, பூவின் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பது என் பிடிவாதம். ஆகவே மெருகேற்றிய வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். செங்காந்தள், காசித்தும்பை, பெயர் தெரியாத ஓர் ஊதாப் பூ என ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதை நிறுத்திப் படமெடுத்தேன்.

"பூவுக்கெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறீங்களாப்பா?"

"நெறம் சரியா வரணும்மா."

"அப்ப காது ரெண்டும் தெரியணும்னு சொல்லிடுங்க அதுங்ககிட்ட."

சாப்பிட்டு முடித்ததும், கரையின் வளைவுக்கு அப்பால் போனால் ஏரி முழுவதும் ஒரே படத்தில் அடங்கும் என்றாள். "இந்தப் பாறைய வுட்டு எங்கயும் போவாதீங்க. இதோ வந்துடறேன்."

அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகும்போது என் மனைவியும் ஏறத்தாழ இதையேதான் சொன்னாள். நாற்காலியை விட்டு நான் எழவில்லை. அவள் வரவில்லை.

முதலில் எதிர்க்கரை மரங்கள் மறைந்தன, பிறகு நீர், பிறகு என் கைத்தடியின் நுனிக்கு அப்பால் எதுவும் இல்லை. கூப்பிட்டேன். மறுமொழி இல்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. பாறையிலேயே இருப்பதுதான் அறிவுடைமை என்பதை அறிந்திருந்தேன். ஆனால் இன்னொரு முறை உட்கார்ந்து காத்திருக்க என்னால் இயலவில்லை. அவள் போன திசையில் நடந்தேன்.

கரையோரமாகப் போவதாகவே எண்ணினேன். சிறிது தூரத்தில் வலக்காலில் குளிர் ஏறியது. செருப்பு நீருக்குள் இருந்தது. பனி எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. அவளுக்கு நீச்சலும் தெரியாது. பின்வாங்கித் திரும்பியபோது பாறை எந்தப் பக்கம் என்பதும் தெரியாமல் போய்விட்டது.

கேமராவைத் திறந்து, எடுத்த படங்களைப் பின்னோக்கிப் பார்த்தேன். ஒரு மரமோ கல்லோ தென்பட்டால் வழியைப் பிடித்துவிடலாம் என்று நம்பினேன். எல்லாப் படங்களிலும் ஒரு பூ. அதைச் சுற்றி வெள்ளை. இடத்தை அடையாளம் காட்டக்கூடிய ஒவ்வொன்றையும் நானே கவனமாக மறைத்திருந்தேன்.

நின்ற இடத்திலேயே "பாப்பா, பாப்பா" என்று கத்தினேன். அவளை அப்படி அழைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

"அப்பா" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. அது பதில் சொல்லும் குரல் அல்ல, தேடும் குரல். அவள் முன்பே பாறைக்குத் திரும்பிவிட்டிருக்கிறாள். அங்கே என் பை மட்டும் கிடந்திருக்கிறது.

"அங்கயே நில்லுங்க. பேசிக்கிட்டே இருங்கப்பா, நிறுத்தாதீங்க."

வகுப்பில் சொல்வதைப்போல், "சீனக்களி, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்" என்று பீங்கான் மெருகுக் கலவைப் பொருள்களைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான்காவது பொருளுக்கு வருமுன் குரல் உடைந்துவிடும். மறுபடி சீனக்களியிலிருந்து தொடங்குவேன். கடைசியில் ஒரு கை வந்து என் சட்டையைப் பற்றியது.

"பாறையிலயே இருங்கன்னு சொன்னனா இல்லியா? உங்கள காணோம்னதும் மொதல்ல தண்ணியிலதான் தேடினேன்."

அவளுடைய சுடிதார் இடுப்புவரை நனைந்திருந்தது. வண்டியை அடையும்வரை அவள் என் சட்டையை விடவில்லை.

வீடு திரும்பியபின் நான் இன்னும் செய்யாதவை:

சேற்றில் கெட்ட செருப்புக்குப் பதில் வேறு வாங்குவது.

நெய்வேலியில் பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுத்தருகிறார்களா என்று விசாரிப்பது.

நீருக்குள் எவ்வளவு தூரம் இறங்கினாள் என்று அவளிடம் கேட்பது.