அகத்திக்கு அடிக்காத மருந்து

மாடம்பாக்கத்தில் அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் கத்திரி போடுகிற ஆள் சம்பந்தம். குத்தகை நிலம். வரப்பு நெடுக அகத்தி மரம். அவன் சரக்கு என் லோடு ஆட்டோவில்தான் போகும். ஒரு இடத்தில் நிற்க மாட்டான், பேச்சு நடக்கும்போதே நாலு களை பிடுங்கிவிடுவான். பூச்சி மருந்து விஷயத்தில் முரடன். டேங்குக்கு ஒரு மூடி என்று கடைக்காரன் சொன்னால் மூணு ஊற்றுவான். "ஒரு மூடிக்குப் புழு சிரிக்குது அண்ணா" என்பான். அடித்த மறுநாளே பறிப்பான். சொந்த வீட்டுக்கு மட்டும் கிணற்றடியில் தனியாக நாலு செடி. அதில் மருந்து படவே படாது.

ஆடி அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் கத்திரிக்கு அடித்தான். விடிந்ததும் காயைக் குரோம்பேட்டைக் கடையில் இறக்கிவிட்டு, அகத்திக் கட்டுகளோடு கோயில் வாசலுக்கு வந்தோம். அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்தி கொடுக்கிற கூட்டம், கேட்கவா வேணும்? பால்காரி ஜெயக்கொடியின் செவலைப் பசு அங்கேதான் கட்டியிருக்கும். ஆளாளுக்கு எங்களிடம் கட்டு வாங்கி நீட்ட, அதுவும் தின்றுகொண்டே இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் மாட்டு வாயில் நுரை. கால் நடுங்கிப் படுத்துவிட்டது.

"ஐயோ, எம்மாட்டுக்கு இன்னா ஆச்சு!" ஜெயக்கொடி அலறினாள். அவள் பிழைப்பே அந்த ஒரு மாடு.

மாட்டு டாக்டர் கீரையை மோந்து பார்த்தார். "பூச்சி மருந்து. எதுன்னு தெரிஞ்சா சரியான ஊசி போடலாம். யார் கீரை இது?"

சம்பந்தம் என் காதில், "அகத்திக்கு நான் அடிக்கவேயில்ல அண்ணா. கத்திரிக்குத்தான்" என்றான்.

"ஆடிக் காத்துடா. வரப்பைப் பார்த்து நிக்குமா?"

துண்டை முறுக்கினான், உதறினான். நாலடி போனான், திரும்பினான். சொன்னால் ஊரில் அவன் சரக்கை ஒருத்தரும் தொடமாட்டார்கள். செவலை தலையைத் தூக்கி, தொப்பென்று போட்டது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றான்.

"என் கீரைதான் சார்." மருந்தின் பேரைச் சொன்னான்.

"எவ்வளவு ஊத்தினே?"

"மூணு மூடி."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு ஊசி போட்டார். மத்தியானம் செவலை எழுந்து நின்றது. ஜெயக்கொடி அவனை அறைவாள் என்று பார்த்தேன். மாட்டின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"எம்மாடு நுரை தள்ளிக் காட்டிச்சு. காலைல உன் கத்திரிக்கா யாரு வூட்டுக்குப் போச்சு?"

சம்பந்தம் வண்டியில் ஏறிவிட்டான். "குரோம்பேட்டைக்கு வுடு அண்ணா." ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் பொறுக்காமல் பாதியில் இறங்கி ஓடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் நின்றிருந்தான். மூட்டையில் மிச்சம் கொஞ்சம்தான். அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தான்:

"காலைல இங்க கத்திரிக்கா வாங்கினீங்களாம்மா? சமைச்சிட்டீங்களா?"