மூன்றாம் ஓலை ஞாயிறு

இருதயராஜ் என்ற பேரை லூர்துமேரி முதலில் கேட்டது, நாத்தனார் ஆரோக்கியமேரி போலாரம் வீட்டுக்கு வந்து, மகள் ஸ்டெல்லாவுக்கு ஒரு வரன் இருக்கிறது என்று சொன்ன அன்றைக்குத்தான். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த அந்தோணியின் பேரன். அந்தோணியின் தங்கையைத்தான் லூர்துமேரியின் சின்ன மாமனார் கட்டியிருந்தார். ஆக, அறுந்துபோன உறவு திரும்ப ஒட்டுகிறது. கம்ப்யூட்டர் வேலை என்றதும், மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் உட்காருகிறவன் என்று லூர்துமேரி நினைத்துக்கொண்டாள்.

அவன் உட்காருகிறவன் இல்லை. ஆபீஸ் ஆபீஸாக ஸ்கூட்டரில் போய் ரவுட்டர் மாட்டுகிறவன். ஒரு ஊர் ஆபீஸ் இன்னொரு ஊர் ஆபீஸோடு பேச அந்தப் பெட்டி வேண்டுமாம். அதன் முதுகில் சீரியல் கார்டைச் சொருகி, தடித்த கேபிளைத் திருகி விட வேண்டும். பவரை அணைக்காமல் கார்டில் கை வைக்கக் கூடாது. அணைத்தால் ஆபீஸே நின்றுபோகும். அதனால் அவனுக்கு வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

அதில்தான் சிக்கல் வந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறில் ஒன்றிலாவது பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து எழுந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் பங்குக் கோயில் வழக்கம். முதல் இரண்டுக்கும் இருதயராஜ் வரவில்லை. மூன்றாவதும் தவறினால் தவக்காலம் வந்துவிடும், அதில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டருக்கு அப்புறம்தான் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

மூன்றாம் ஞாயிறும் ஸ்டெல்லா தனியாகத்தான் நின்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தது லூர்துமேரிக்குக் கேட்டது. பூசை முடிந்ததும் மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆட்டோ ஏறினாள். மல்லாபூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் காலையிலிருந்து இருக்கிறான் என்று போனில் சொல்லியிருந்தார்கள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் போனாள். என்னென்ன சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

வாட்ச்மேன் உள்ளே கூட்டிப்போனான். கோயிலுக்கென்று தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, பெட்டிகள் அடுக்கிய இரும்பு அலமாரிக்குப் பின்னால் தரையில் கிடந்தான் இருதயராஜ். முதுகெல்லாம் தூசி.

"உன் பேரை வாசிச்சாங்க மாப்ளே. ஆளத்தான் காணோம்."

அவன் எழுந்திருக்கவில்லை. லாரிகளுக்கு பில் போட்டு முடிக்கும்வரை பவரை அணைக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். காத்திருந்தானாம். கடிகாரத்தைப் பார்த்தானாம்.

"அணைக்காமலே கார்டைப் புடுங்கிட்டேன் அத்தே. தெரிஞ்சேதான் செஞ்சேன், பூசைக்கு வந்துரலாம்னு. பெட்டி செத்துருச்சு, பில்லும் நின்னுபோச்சு. இப்பத்தான் வேற பெட்டி வந்துச்சு."

வெளியே லாரிகள் வரிசையாக நின்றதற்குக் காரணம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சாப்ட்டியா?"

"நக்கோ அத்தே, வேணாம். இந்தக் கேபிளைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. வெயிட்டுல பின்னு வளைஞ்சிரும்."

பிடித்தாள். ஈரத் தாம்புக் கயிறுபோல் கனத்தது. கேபிள் முனையில் எந்தப் பக்கம் அகலம் என்று விரலால் தடவிப் பார்த்து, மெதுவாக அழுத்தி, இரண்டு திருகையும் இறுக்கினான். பவரைப் போட்டுவிட்டு இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை விளக்கு வந்தது.

"ஈஸ்டர் கழிச்சே வச்சுக்கலாம்," என்றாள் லூர்துமேரி. "அன்னைக்காவது எவனோ கூப்புட்டான்னு ஓடிராதே."

"வேலை இருந்தாத்தானே அத்தே கூப்புடுவாங்க," என்றான் அவன்.

அவன் சொன்னபடியே ஆயிற்று. அந்த வாரமே கம்பெனி அவனை நிறுத்திவிட்டது. ஆரோக்கியமேரி வந்து, இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, யோசித்துக்கொள் என்றாள். யோசிக்கத் தெம்பில்லை என்று லூர்துமேரி காபி போடப் போய்விட்டாள். ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது.

இருதயராஜ் இப்போது போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். சம்பளம் முன்னைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்வந்து, மத்தியானம் வீட்டில் தூங்குகிறான்.